கிள்ளானில் பதினெட்டாம் எண் படிவம்

ஜூலை ஆறு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கோலாலம்பூரில் இறங்கியபோது என் பெட்டியில் முப்பது அச்சிட்ட படிவங்களும், ஒரு டஜன் நீலப் பேனாக்களும், மூன்று வெள்ளை முழுக்கைச் சட்டைகளும், இரண்டு கிலோ திருநெல்வேலி அல்வாவும் இருந்தன. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி அல்வாவைத்தான் நெடுநேரம் பார்த்தார். பொட்டலத்தை விரலால் அழுத்தினார். அது மெல்லப் பழைய வடிவத்துக்கு வந்தது. மலாயில் ஏதோ சொன்னார், பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். படிவங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வந்த காரியம் என் மகளுடையது. மதி ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு செய்கிறாள். ஒரு மனிதரின் மனம் அதிகாரத்தின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. மேலே இருப்பவருக்கு அந்த மனம் எவ்வளவு பணியும், விதியை மீறுகிறவர்மேல் எவ்வளவு கோபப்படும், பழைய பழக்கத்தைக் கைவிட எவ்வளவு அஞ்சும் என்பதற்கெல்லாம் ஓர் அளவுகோல் உண்டு. இருபத்துநான்கு வாசகங்கள். ஒவ்வொன்றையும் படித்துக் காட்ட வேண்டும். ‘ஒத்துக்கொள்ளவே இல்லை’ என்றால் ஒன்று, ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ என்றால் ஐந்து. ஒரே வாசகங்களைப் பல நாடுகளில் பல மொழிகளில் கேட்டு ஒப்பிடுகிறார்கள். தமிழுக்குத் திருநெல்வேலியும் கிள்ளான் பள்ளத்தாக்கும். ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரில் ஒருவர், வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர். இங்கே கேட்க வேண்டியவர் கடைசி நேரத்தில் விலகிவிட்டார். புள்ளியியல் துறையில் முப்பத்தோராண்டு வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்த அப்பாவின் நினைவு மதிக்கு வந்தது.

புறப்படும் முன் தொலைபேசியில் என்னிடமே கேட்டுப் பார்த்தாள். கூட்டி முடித்ததும் சிரித்தாள். “அப்பா, நான் இதுவரைக்கும் பாத்த ஆளுங்கள்ல நீங்கதான் முதல் இடம்.” நானும் சிரித்தேன். இந்தத் துறையை ஏன் எடுத்துக்கொண்டாள் என்று அவளிடம் நான் கேட்டதில்லை.

ஒரு பக்கத்தில் கள விதிகளை அனுப்பியிருந்தாள். வாசகத்தை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். விளக்கக் கூடாது. பதிலைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. எழுதியதை அடிக்கவோ திருத்தவோ கூடாது. ஆய்வு எதைப் பற்றியது என்பதை எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகே சொல்லலாம். எனக்குப் பிடித்த மாதிரியான தாள். பாளையங்கோட்டையில் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்து வந்திருந்தேன்.

*

திங்கள், ஏழாம் தேதி. பிரிக்பீல்ட்ஸில் காலை ஏழு பத்துக்கு ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், உட்கார்ந்தேன். பரிமாறுபவர் “தண்ணி என்னண்ணே?” என்றார். தண்ணீரே போதும் என்றேன். கண்ணாடிக் குவளையில் வெந்நீர் வந்தது. இங்கே தண்ணி என்றால் தேநீர், காப்பி எல்லாம் அடக்கம் என்று பக்கத்து மேசைப் பெரியவர் சொல்லித் தந்தார். அவரே எனக்காகத் ‘தே தாரேக்’ சொன்னார். நுரை பொங்க ஆற்றிய தேநீர். இனிப்பில் நம் ஊர்த் தேநீரைவிட இரண்டு மடங்கு. ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். திருநெல்வேலி பரோட்டாவுக்கு அண்ணனா தம்பியா என்று முடிவு செய்ய முடியவில்லை.

எட்டரைக்குத் தேவன் வந்தார். மதியின் நண்பர் ஒருவருக்கு உறவு. நாற்பது வயது இருக்கும், சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார், வீடு கிள்ளானில். போக வேண்டிய வீடுகளை அவர்தான் பேசி வைத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் நாடா, நாடாவில் புகைப்படத்துடன் பல்கலைக்கழக அட்டை, அட்டையில் சிறகு விரித்த பறவைச் சின்னம், கையில் கிளிப் வைத்த பலகை.

“அங்கிள், சாமான் ஏலம் விட வந்த ஆபீசர் மாதிரியே இருக்கீங்க லா.”

இந்த ‘லா’ எங்கள் ஊர்ப் பேச்சிலும் உண்டு. இங்கே வேறு இடத்தில் வந்து உட்காருகிறது. அட்டை கட்டாயம், விதி அப்படி என்றேன். “சரி, விதின்னா விதி,” என்று கதவைத் திறந்துவிட்டார்.

அன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸில் மூன்று வீடுகள். பூக்கடைக்காரர் ஒருவர் மாலை கட்டும் கையை நிறுத்தாமலே பதில் சொன்னார். மதியம் வாழை இலைச் சாப்பாடு. பாகற்காயை மொறுமொறுவென்று வறுத்து வைத்தார்கள். இலையை என் பக்கமாக மடித்ததைப் பார்த்து, “சாப்பாடு பிடிச்சிருக்குன்னு சொல்றீங்க,” என்றார் தேவன். மூன்றரைக்கு மழை. இங்கே மழைக்கும் நேர ஒழுங்கு உண்டு போல. ஆறு படிவங்கள் முடிந்தன.

*

செவ்வாய், எட்டாம் தேதி. காலையில் பங்சாரில் ஒரு வழக்கறிஞர். எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டு என்று சடசடவெனச் சொல்லிவிட்டு, “இதையெல்லாம் எங்கம்மாகிட்ட கேளுங்க அங்கிள், உங்க தாள் பத்தாது,” என்றார். அம்மாவிடமும் கேட்டேன். தாள் போதுமாகத்தான் இருந்தது.

பிற்பகலில் கம்போங் மேடானில் நான்கு வீடுகள். மலிவு விலை அடுக்குமாடிகள், மாடிக் கம்பிகளில் துணிகள். 2001இல் இங்கே இனக் கலவரம் நடந்தது. அதைப் பற்றி நான் படித்திருந்தேன், ஆனால் கேட்கவில்லை. வாசகங்களில் அது கிடையாது. முனுசாமி என்ற முதியவர் இருபத்துநான்குக்கும் ‘நடுநிலை’ என்று மூன்று போடச் சொன்னார்.

“யோசிச்சுச் சொல்லலாம், ஐயா.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். நடுவுல நிக்கிறதுதான் நல்லது.”

தேவன் சிரித்தார். “நடுவுல நின்னா அடி விழாதா, தாத்தா?”

“விழும். ஆனா யாரு அடிக்கிறான்னு ரெண்டு பக்கமும் தெரியும்லா.”

படியிறங்கும்போது தேவன் அந்த வாக்கியத்தைத் தனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அன்றிரவு படிவத்தில் மூன்றுகளின் நீண்ட வரிசையைப் பார்த்தேன். அவர் மனம் எந்தப் பக்கமும் சாயாதது என்றுதான் அளவுகோல் சொல்லும். அவர் நின்ற இடத்தை அது எப்படிச் சொல்லும் என்று தெரியவில்லை. நாட்குறிப்பில் அவர் பேச்சை மட்டும் எழுதி வைத்தேன்.

*

புதன், ஒன்பதாம் தேதி. கிள்ளானுக்கு ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தேன். எட்டு ஐந்துக்கு வண்டி வந்ததும் எதிரே நின்ற பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கதவு மூடிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன், முழுக்கப் பெண்கள். கண்ணாடியில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற இளஞ்சிவப்பு ஒட்டுவில்லை. முக்காடிட்ட இரண்டு மலாய் மாணவிகள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் பேசினார்கள். எதிரே இருந்த தமிழ்ப் பெண் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

“பாவம், வயசானவர், விட்டுடலாம்னு சொல்லுதுங்க. உக்காருங்க அங்கிள்.”

நான் எழுந்து கதவோரம் நின்றேன். அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினேன், படியில் இடறி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். அந்தப் பெண் கண்ணாடி வழியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்ன பிறகும் எனக்கு உட்கார வரவில்லை. பிறகு வண்டி இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருபத்தைந்து நிமிடம் நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. நம் ஊராக இருந்தால் பாதிப் பேர் தண்டவாளத்தில் இறங்கி நின்றிருப்பார்கள்.

கிள்ளானில் தேவன் காத்திருந்தார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே நான்காவது மாடியில் லெட்சுமி என்ற பெண்ணின் வீடு. பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. கணவர் லோரி ஓட்டுநர், இறந்து ஆறு வருடம். ஒரே மகள் கோமதி, பத்தொன்பது வயது, லிட்டில் இந்தியாவில் துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண். மின்தூக்கி பழுது. முட்டி வலியோடு ஏறினேன்.

கதவு திறப்பதற்கு முன்பே ஊதுவத்தி மணம் வந்தது. லெட்சுமி பட்டுச் சேலை கட்டியிருந்தார். ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தார். மேசையில் மீகூன் என்ற அரிசிச் சேமியாவைப் பிரட்டி மூடி வைத்து, பக்கத்தில் ரோஜாப் பாகு கலந்த குளிர்பானம். இன்னொரு பக்கம் பொத்தான் வைத்த பிளாஸ்டிக் உறை, உள்ளே அடுக்கிய தாள்கள். நம் ஊரில் இதே தாள்கள் மஞ்சள் பையில் இருக்கும். அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஒப்புதல் பத்தியை நான் படித்து முடிக்கும் முன்பே லெட்சுமி கையெழுத்துப் போட்டார். படிவம் எண் பதினேழு. நேரம் பத்து ஐம்பது.

“‘பெரியவர்கள் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும்.’”

“முழுசா ஒத்துக்கிறேன், சார்.”

“‘பெரியவர்களே சொன்னாலும் தனக்குச் சரியென்று பட்டதையே செய்ய வேண்டும்.’”

“முழுசா ஒத்துக்கிறேன், சார்.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்துநான்கில் பாதி வாசகங்கள் நேரானவை, பாதி தலைகீழானவை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரைக் கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு. தலைகீழ் வாசகத்துக்கு ஐந்து என்றால் கூட்டும்போது அதை ஒன்றாகக் கொள்ள வேண்டும். லெட்சுமி இரண்டுக்கும் ஒரே குரலில், ஒரே பணிவோடு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஐந்து சொன்னார். ஆறாவது வாசகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பெண் வாசகத்தைக் கேட்கவில்லை, என் கழுத்தில் தொங்கும் பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் ஆடுமாடு கணக்கெடுக்கப் போனால், கிழவிகள் குடும்ப அட்டையை எடுத்து வந்து நீட்டுவார்கள். கோப்போடு வருகிறவன் எதையோ தரவோ பறிக்கவோ வருகிறான் என்று அவர்களுக்குத் தெரியும். முப்பத்தோராண்டு பார்த்த முகம்தான் இது.

நிறுத்திச் சொல்லியிருக்கலாம். விதித்தாள் பலகையின் மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கருத்துச் சொல்லக் கூடாது. முடியும்வரை விளக்கக் கூடாது. இருபத்துநான்கையும் படித்தேன். இருபத்துநான்கு ஐந்துகளை வட்டமிட்டேன்.

அடுத்து கோமதி, பதினெட்டாம் எண். ஒல்லியான பெண், கடைச் சீருடையில் இருந்தாள், பன்னிரண்டரைக்கு வேலைக்குப் போக வேண்டும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தனியாகக் கேட்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் அது ஓர் அறை வீடு. முதல் பதின்மூன்று வாசகங்களுக்கு அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு “ஒத்துக்கிறேன்” என்றாள். பிறகு பதினான்கு.

“‘மேலிடத்தில் இருப்பவர்கள் எடுத்த முடிவை நம்மைப் போன்றவர்கள் கேள்வி கேட்கக் கூடாது.’”

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை.

“ஒத்துக்கல, அங்கிள்.”

“ஓரளவு ஒத்துக்கொள்ளவில்லையா, ஒத்துக்கொள்ளவே இல்லையா?” இதுவும் அச்சில் உள்ளபடிதான்.

“ஒத்துக்கவே இல்ல. கேட்டாத்தானே அங்கிள் அவங்களுக்குத் தெரியும்? கேக்கலன்னா நாங்க இருக்கிறதே தெரியாது.”

ஒன்றை வட்டமிட்டேன். பதினொன்று நாற்பத்திரண்டு.

“ஏய்!” லெட்சுமி மகளின் தொடையில் அடித்தார். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? சார், சின்னப் பிள்ளை சார், தெரியாமச் சொல்லுது. அஞ்சு போடுங்க சார்.”

“இது அவங்க பதில்மா.”

“அழிச்சிடுங்க சார்.”

“பேனாவில் எழுதியதை அழிக்கக் கூடாதும்மா.”

நான் சொன்ன சொல் இதுதான், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. மீதிப் பத்துக்கும் கோமதி ஐந்து ஐந்தாகச் சொல்லிக்கொண்டே போனாள். முடிந்ததும் லெட்சுமி பிளாஸ்டிக் உறையை என் பக்கம் தள்ளினார்.

“இவ சொன்ன அந்த ஒண்ணுக்காக ஐசி குடுக்காம விட்டுருவாங்களா, சார்?”

*

ஐசி என்றால் இங்கே அடையாள அட்டை. என் கண் எப்போதும் தேதிகளுக்குத்தான் போகும். உறைக்குள் மூன்று தேதிகள் இருந்தன. லெட்சுமிக்கும் கணவருக்கும் கோயிலில் திருமணம் நடந்த தேதி, மண்டபத்து ரசீதில். பதினான்கு மாதம் கழித்துக் கோமதி பிறந்த தேதி. அதற்கும் இரண்டு வருடம் கழித்து அந்தத் திருமணத்தை அலுவலகத்தில் பதிவு செய்த தேதி. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊர் சாப்பிட்டாயிற்று, தாளில் எழுதுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் அப்படித்தான் என்று தேவன் சொன்னார். தாளின் கணக்கில் கோமதி பிறந்தபோது அவள் பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழியில்தான். அப்பா குடியுரிமை உள்ள நீல அட்டைக்காரர். அம்மாவுடையது சிவப்பு அட்டை, இங்கேயே தோட்டத்தில் பிறந்தும் குடியுரிமை இல்லாதவர். மகளுக்கு எந்த அட்டையும் இல்லை. பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண், தாதியர் கல்லூரியில் அட்டை எண் கேட்டார்கள். துணிக்கடை முதலாளி கேட்கவில்லை, அதனால் துணிக்கடை.

பிறந்த தேதியும் பதிவுத் தேதியும் இடம் மாறியிருந்தால் போதும். நாள்களைக் குறிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவன் நான். அந்த மேசையில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். நான் அரசாங்க ஆள் இல்லை, இந்த நாட்டுக்காரனே இல்லை, இது மகளின் படிப்பு, இதற்கும் ஐசிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று மூன்று விதமாகச் சொன்னேன். லெட்சுமி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

“புரியுது சார். முழுசா ஒத்துக்கிறேன். சொல்லக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கும்லா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

பிறகு மீகூனைத் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். நல்ல கைப்பக்குவம்.

காரில் தேவன் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். “நான்தான் அங்கிள். லெட்சுமி அக்கா வேணாம் வேணாம்னாங்க. ‘பதில் சொல்லுங்கக்கா, நல்லது நடக்கும்’னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.” கொஞ்சம் கழித்து, “அவங்க தப்பா நெனைச்சுட்டாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?” என்றார்.

“ஆறாவது கேள்வியில்.”

“மொத்தம் எத்தனை?”

“இருபத்துநாலு. அப்புறம் மகளுக்கு இருபத்துநாலு.”

அவர் சாவியைத் திருப்பினார்.

*

வியாழன், பத்தாம் தேதி. வேறு மூன்று வீடுகள் இருந்தன, போனேன். என்ன சாப்பிட்டேன் என்று நாட்குறிப்பில் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். மாலையில் மதியிடம் பேசினேன்.

“அப்பா, அந்த ரெண்டு படிவத்தையும் அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. கலந்துக்கிறவங்க எப்ப வேணும்னாலும் விலகலாம். அவங்க கையாலயே கிழிச்சுப் போடட்டும், அப்பதான் மனசு ஆறும்.”

“உன் விதித்தாள்ல இது இல்லையே.”

“ஒப்புதல் பத்தியில இருக்குப்பா. கடைசி வரி.” பிறகு, “ஆறாவது கேள்வியிலயே நிறுத்தியிருக்கலாமேப்பா,” என்றாள். என் மகள் என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளி, பதினொன்றாம் தேதி. மீதமிருந்த அல்வாப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன். தேவன் அதைப் பார்த்து, “அல்வா குடுக்கப் போறீங்களா, அங்கிள்?” என்றார். சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட நகைச்சுவை. சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

மாலை ஐந்தரை. இம்முறை கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அட்டை இல்லை, பலகை இல்லை. லெட்சுமி அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தார், கையில் கிருமிநாசினி மணம். கோமதி வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“இவை உங்களுடையவை அம்மா. எங்களுக்கு வேண்டாம். நீங்களே கிழித்துப் போட்டுவிடலாம்.”

லெட்சுமி படிவங்களைத் தொடவில்லை. உட்கார நாற்காலியைத் தேடி, அது பின்னால் இருந்தும் கிடைக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“திருப்பிட்டாங்களா, சார்?”

எனக்குப் புரிய நேரமானது. தேவன்தான் தமக்குள் “ஐயோ” என்றார். லெட்சுமி பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விண்ணப்பங்கள். எல்லாம் திரும்பி வந்தவை. ஒவ்வொன்றோடும் ஒரு சூராட், மலாயில் நான்கே வரிக் கடிதம். முதலாவது கோமதிக்கு ஐந்து வயதில், கடைசி போன வருடம். இந்த வீட்டுக்குத் தாள் திரும்பி வந்தால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. ஐந்தாவது, ஆறாவது தாள்களை என் கையால் கொண்டு வந்து வைத்திருக்கிறேன்.

“அந்த ஒரு கேள்வி,” என்றார் லெட்சுமி. மகளை அவர் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “ஒரே ஒரு கேள்விடீ. வாயை அடக்கியிருந்தா…” பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். தேவனும் சொன்னார், சத்தியம் செய்தார். சொல்லச் சொல்ல அந்த அம்மாளுக்கு அழுகை கூடிக்கொண்டே போனது.

கோமதி திரியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பதினெட்டாம் எண் படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

“அங்கிள், வெத்துப் பாரம் இருக்கா?”

பையில் நிரப்பாத படிவம் ஒன்று இருந்தது. கொடுத்தேன்.

“பேனா.”

மேசையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வாசகங்களைப் படிக்கவில்லை. மேலிருந்து கீழாக ஐந்து, ஐந்து, ஐந்து என்று வட்டமிட்டாள். பதினான்கில் பேனா நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இருபத்துநான்கு வட்டங்கள், வரிசை பிசகாமல். கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘18’ என்று தானே எழுதினாள். பழையதை நான்காக மடித்து என்னிடம் தந்தாள். புதியதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“இப்ப எடுத்துக்குங்க, சார்.”

அதுவரை என்னை அங்கிள் என்றுதான் அழைத்திருந்தாள்.

நான் தேவனைப் பார்த்தேன், அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். மேசையில் கிடந்த பதினேழையும் எடுத்துக்கொண்டேன்.

லெட்சுமி முகத்தைத் துடைத்தார். “சீட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க சார். வாங்கிக்கிட்டதா. தேதி போட்டு.”

நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக அதிலிருந்து ஒரு தாள் கிழிக்கிறேன். ‘கோமதி நிரப்பிய படிவம் எண் 18 பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, ஜூலை பதினொன்று, மாலை ஆறு ஐந்து என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. லெட்சுமி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, நான்கு விண்ணப்பங்களுக்கும் மேலே வைத்து, உறையின் பொத்தானை அழுத்தினார்.

“இப்பத்தான் சார் உயிர் வந்துச்சு,” என்றார்.

அல்வாவை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தேன்.

கோமதி கீழே வரை வந்தாள். தேவன் காரை எடுத்து வரப் போயிருந்தார். மழை தூறத் தொடங்கியது.

“நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது அங்கிள். இதுல ஐசி எல்லாம் வராது. அம்மாவுக்குத்தான்…” என்றாள். “கொஞ்ச நாளைக்கு நல்லாத் தூங்குவாங்க.”

“அப்புறம்?”

அவள் என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த நாட்குறிப்பைக் காட்டினாள்.

“எல்லாத்தையும் அதுல எழுதுவீங்கன்னு தேவன் அண்ணே சொன்னாரு. மணி நேரத்தோட.”

“ஆமாம்.”

“அதுல மட்டும் என் பதிலை மாத்திடாதீங்க.”

*

சனி, பன்னிரண்டாம் தேதி. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். உட்கார்ந்த இடத்தில் படிவங்களைக் கூட்டினேன், வேறு வேலை இல்லை. மதி கூப்பிட்டாள்.

“பதினெட்டாம் நம்பர் என்னப்பா ஆச்சு?”

“ரெண்டு இருக்கு.” நடந்ததைச் சொன்னேன்.

“புதுசோட கூட்டுத்தொகை?”

நேரானவை பன்னிரண்டும் ஐந்து, தலைகீழானவை பன்னிரண்டும் ஒன்று. “எழுபத்திரண்டு.”

“சரியா நடுவுல,” என்றாள். அளவுகோலின்படி எந்தப் பக்கமும் சாயாத, அமைதியான மனம். கம்போங் மேடான் முனுசாமிக்கும் அதே எழுபத்திரண்டுதான்.

“ரெண்டையும் நீக்கிடுங்கப்பா. பதினேழையும்.”

நீக்கிவிட்டோம். ஆய்வு முடிந்து அச்சில் வரும்போது கிள்ளானில் அந்த நான்காவது மாடி வீடு அதில் இருக்காது. ஆகவே இங்கே பதிகிறேன். ஜூலை ஒன்பது, புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. பதினான்காவது வாசகம். கோமதி, வயது பத்தொன்பது. பதில்: ஒத்துக்கொள்ளவே இல்லை.